வண்டி ஏன் கொதிக்கிறது? பாகத்தை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

(வாகன ஓட்டுநர்களுக்கும், வாகனம் வைத்திருக்கும் குடும்பத்தாருக்கும் டிரஸ்ட் சார்பில் நடந்த கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



வட்டியில்லாக் கடன் கேட்டு நம் அலுவலகத்துக்கு வரும் மனுக்களில் "வண்டிக்கு என்ஜின் வேலை" என்ற காரணம் அடிக்கடி வருகிறது. பெரும்பாலும் பத்துப் பதினைந்து வருடம் ஓடிய, ஏழெட்டுப் பேர் உட்காரும் பெரிய டீசல் வண்டிகள். வாடகைக்கு ஓட்டி, அந்த வருமானத்தில் பிள்ளைகளைப் படிக்கவைப்பவர்கள். விசாரித்தால் விஷயம் ஒன்றாகத்தான் இருக்கிறது. பல மாதமாகவே வண்டி ஹீட் ஆகியிருக்கிறது. தண்ணீர் ஊற்றி ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். ரேடியேட்டரை மாற்றினார்கள், பம்பை மாற்றினார்கள், நிற்கவில்லை. கடைசியில் ஹெட் போய்விட்டது. அதற்குள் வீட்டில் இருந்த நகையும் அடகுக்குப் போயிருக்கும்.

ஆகவே இன்று ஒரே ஒரு விஷயத்தைப் பேசுகிறேன். திரும்பத் திரும்பக் கொதிக்கும் வண்டியில் குறை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது எப்படி? நான் மெக்கானிக் அல்ல. நம் ஊர் மெக்கானிக் சகோதரர்களிடம் உட்கார்ந்து கேட்டும், டிரஸ்ட் வண்டியைப் பராமரித்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் தண்ணீர் போகும் வழியைப் புரிந்துகொள்ளுங்கள். வாட்டர் பம்ப் தண்ணீரை என்ஜினுக்குள் சுற்றவிடுகிறது. என்ஜின் சூடேறும்வரை தெர்மோஸ்டாட் வால்வு மூடியிருக்கும். ஏறத்தாழ 80 முதல் 90 டிகிரிக்குள் அது திறக்கும். அப்போது சுடுதண்ணீர் ரேடியேட்டருக்குப் போகும். அங்கே ஃபேன் இழுக்கும் காற்றில் ஆறி மறுபடியும் என்ஜினுக்கு வரும். இந்தச் சுற்றில் எங்கே தடை ஏற்பட்டாலும் முள் ஏறும். முள் ஏறுவது காய்ச்சல் மாதிரி. காய்ச்சல் எதனால் என்று பார்க்காமல் மாத்திரையை மாற்றிக்கொண்டே இருந்தால் நோய் தீராது.

எனவே பாகத்தை மாற்றும் முன் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்: வண்டி எப்போது கொதிக்கிறது?

டிராஃபிக்கில் நிற்கும்போது முள் ஏறி, ஓட ஆரம்பித்ததும் இறங்குகிறதா? அப்படியானால் ஃபேன் பக்கம் பாருங்கள். ஓடும்போது காற்று தானாக வருகிறது, நிற்கும்போது ஃபேன்தான் காற்றை இழுக்க வேண்டும்.

ஊருக்குள் சரியாக இருந்து, பைபாஸில் வேகம் பிடித்தாலோ, ஆள் ஏற்றிக்கொண்டு மலை ஏறினாலோ கொதிக்கிறதா? தண்ணீர் போதுமான அளவு ஓடவில்லை என்று பொருள். ரேடியேட்டருக்குள் அடைப்பு, பாதி திறக்கும் வால்வு, தேய்ந்த பம்ப், இவற்றில் ஒன்றாக இருக்கலாம். கீழ் ஹோஸ் பைப் நைந்துபோய், வேகமெடுக்கும்போது உள்ளே ஒட்டிக்கொள்வதும் உண்டு.

காலையில் ஸ்டார்ட் செய்த சில நிமிடத்திலேயே கொதிக்கிறதா? வால்வு மூடியபடி சிக்கியிருக்கலாம், உள்ளே காற்று அடைத்திருக்கலாம், அல்லது ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம்.

முள் மட்டும் மேலே போகிறது, என்ஜினில் அதற்கேற்ற சூடு இல்லை என்றால் சென்சாரையும் ஒயரையும் பாருங்கள். இன்னொன்றையும் மறக்கக் கூடாது. தண்ணீர் முழுவதும் வற்றிவிட்டால் சென்சார் தண்ணீரில் நனையாமல் தவறான அளவைக் காட்டலாம். முள் இறங்கிவிட்டது என்று நிம்மதியாக ஓட்டிக்கொண்டு போனால் என்ஜின் பிடித்துவிடும்.

இனி சோதனைகள். செலவில்லாததிலிருந்து தொடங்குவோம்.

ஒன்று, என்ஜின் முழுவதும் ஆறிய பிறகு தண்ணீர் மட்டம். ஒரே அளவில் நிற்கிறதா, குறைகிறதா? குறைந்தால் ஹோஸ் முனை, ரேடியேட்டரின் ஓரம், பம்புக்கு அடியில் உள்ள சிறு துளை ஆகிய இடங்களில் கசிவுத் தடம் தெரியும்.

இரண்டு, ரேடியேட்டர் மூடி. இதைச் சாதாரண மூடி என்று நினைக்கிறோம். உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைப்பது அதுதான். அந்த அழுத்தம் இருக்கும்வரை 100 டிகிரி தாண்டியும் தண்ணீர் கொதிக்காது. மூடியின் ரப்பர் வெடித்தோ ஸ்பிரிங் தளர்ந்தோ போனால் சீக்கிரமே கொதித்து வெளியே தள்ளிவிடும். சில நூறு ரூபாய்ப் பொருள்தான். அந்த வண்டிக்குரிய அழுத்த அளவு பார்த்து வாங்க வேண்டும்.

மூன்று, ரேடியேட்டரின் வெளிப்பக்கம். முன்னால் ஏ.சி. கண்டென்சர் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் சேறும் பூச்சியும் தூசியும் அடைத்திருப்பது முன்னால் நின்று பார்த்தால் தெரியாது. மெதுவான தண்ணீரில், என்ஜின் பக்கத்திலிருந்து கழுவ வேண்டும். பிரஷர் வாட்டரைக் கிட்டே வைத்து அடித்தால் தகடுகள் மடங்கிவிடும்.

நான்கு, ஃபேன். பழைய டீசல் வண்டிகள் பலவற்றில் ஃபேன் பெல்ட்டில் ஓடுகிறது. அதன் நடுவில் சிலிக்கான் எண்ணெய் நிரம்பிய ஒரு கிளட்ச் உண்டு. சூடான என்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, ஃபேனைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக நிற்க வேண்டும். காற்றாடி மாதிரி சும்மா சுற்றினால் கிளட்ச் போய்விட்டது. பெல்ட்டின் இறுக்கத்தையும் அப்போதே பாருங்கள்.

ஐந்து, தெர்மோஸ்டாட் வால்வு. கழற்றி ஒரு பாத்திரத் தண்ணீரில் நூல் கட்டித் தொங்கவிட்டு அடுப்பில் வைத்தால் போதும். தண்ணீர் கொதிக்கும் முன்பே அது முழுவதும் திறக்க வேண்டும்.

இந்த வால்வைப் பற்றி நம் ஊரில் ஒரு பழக்கம் இருக்கிறது. "நம்ம ஊர் வெயிலுக்கு வால்வே வேண்டாம்" என்று கழற்றி எறிந்துவிடுகிறார்கள். அது தவறு. என்ஜின் சூடேற நேரமாகும், டீசல் கூடுதலாகக் குடிக்கும், தேய்மானமும் கூடும். சில என்ஜின்களில் இந்த வால்வுதான் திறக்கும்போது குறுக்கு வழியை அடைக்கிறது. அதை எடுத்துவிட்டால் சுடுதண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியிலேயே சுற்றி, வண்டி முன்பைவிட அதிகமாகக் கொதிக்கும்.

ஆறு, ரேடியேட்டரின் உள்பக்கம். போர்வெல் தண்ணீரை வருடக்கணக்கில் ஊற்றினால் வீட்டுக் கெட்டிலில் படிவதுபோல் உப்பு படிந்து குழாய்கள் அடைத்துக்கொள்ளும். வண்டி சூடாக ஓடி நின்றதும், தொடாமல் வெப்பம் காட்டும் கருவியால் ரேடியேட்டரின் முகத்தைப் பார்த்தால் அடைத்த இடம் குளிர்ந்து தெரியும். கூலன்ட் குளிர்நாட்டுக்குத்தான் என்று சொல்வார்கள். அது துருவையும் தடுக்கிறது, கொதிநிலையையும் உயர்த்துகிறது. டிஸ்டில்ட் வாட்டரில் சரிபாதி கலந்து ஊற்றுங்கள்.

இத்தனையும் சரியாக இருந்தால்தான் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். வெளியே கசிவே இல்லாமல் தண்ணீர் குறைவது, குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்த உடனே மேல் ஹோஸ் கல்போல இறுகுவது, ரேடியேட்டரில் விடாமல் குமிழி வருவது, சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காதது, என்ஜின் ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருப்பது, இவை அதன் அடையாளங்கள். எல்லாம் ஒன்றாக வர வேண்டியதில்லை. ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்க்கும் ஒரு நீலத் திரவச் சோதனை உண்டு. எரிந்த வாயு தண்ணீரில் கலந்திருந்தால் நிறம் மாறும். ஹெட்டைக் கழற்றும் முன் அதைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள். கழற்றிய பிறகு ஹெட் வளைந்திருக்கிறதா என்று லேத்தில் பார்க்காமல் புது கேஸ்கெட் போட்டு மூடினால் அதே வேலை திரும்பி வரும்.

வழியில் கொதித்தால் என்ன செய்வது? முள் ஏறத் தொடங்கியதும் ஏ.சி.யை அணையுங்கள், ஹீட்டர் இருந்தால் முழுவதும் திறங்கள். சிவப்பைத் தொட்டால் ஓரம் கட்டி என்ஜினை நிறுத்துங்கள். நிக்காஹ் வீட்டுக்கு நேரமாகிவிட்டது என்று உள்ளே இருப்பவர்கள் அவசரப்படுத்துவார்கள், அதற்காக ஓட்ட வேண்டாம். சூட்டில் மூடியைத் திறக்கவே கூடாது, பீறிடும் கொதிநீர் முகத்தையும் கண்ணையும் பொசுக்கிவிடும். குறைந்தது அரைமணி நேரம் காத்திருங்கள். மேல் ஹோஸ் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகு, தடிமனான துணியைப் போட்டு மெல்லத் திறந்து, தண்ணீரைச் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். கொதிக்கும் என்ஜினில் குளிர்ந்த தண்ணீரைக் கவிழ்த்தால் ஹெட் வெடிக்கும்.

நிறைவாக ஒரு வேண்டுகோள். டிரஸ்ட் வண்டி டயாலிசிஸ் நோயாளிகளை ஏற்றிச் செல்கிறது. அது நம் கையில் உள்ள அமானிதம். அதில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். எந்தத் தேதி எவ்வளவு தண்ணீர் ஊற்றினோம், முள் எங்கே ஏறியது, எந்தப் பாகம் மாற்றினோம் என்று ஓட்டுநர் எழுதுகிறார். நீங்களும் அப்படி எழுதுங்கள். மெக்கானிக்கிடம் அந்த நோட்டைக் காட்டினால் அவருக்கும் பாதி வேலை மிச்சம். என்ஜின் வேலைக்குக் கடன் மனு கொண்டு வருபவர்களும் அதை எடுத்து வாருங்கள். மேலே சொன்ன சோதனைகளைச் செய்துவிட்டுப் பிறகு தொகையை முடிவு செய்வோம், இன்ஷா அல்லாஹ். சிறு தொகையில் முடியும் வேலைக்கு யாரும் பெரிய கடனைச் சுமக்க வேண்டாம்.

வஸ்ஸலாம்.