கார் கூரையில் படுக்கை: ரூஃப் டாப் டென்ட் வாங்கும் முன் அப்பா கேட்ட கேள்வி

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருந்தீங்க. "கார் மேல மாட்டுற டென்ட் வாங்கலாமா? எது நல்லது?" இதுக்கு நான் அஞ்சு நிமிஷத்துல பதில் சொல்லிடலாம். ஆனா போன வருஷம் நானே அதை வாங்கக் கிளம்பி, அட்வான்ஸ் அனுப்ப ஃபோனைக் கையில் எடுத்து, கடைசி நிமிஷத்துல நிறுத்தினேன். அந்தக் கதையைச் சொன்னாத்தான் பதில் முழுசாகும்.

முதல்ல, தெரியாதவங்களுக்கு. ரூஃப் டாப் டென்ட்னா, காரின் கூரை மேல் குறுக்குக் கம்பி போட்டு, அதில் போல்ட் பண்ணி மாட்டுகிற மடிப்புக் கூடாரம். போய்ச் சேர்ந்ததும் விரிச்சா உள்ளே மெத்தையோட ஒரு படுக்கை. ஏணி வெச்சு ஏறணும். இது ரீல்ஸ் காலத்துக் கண்டுபிடிப்பு இல்லை. இத்தாலியில் 1950-களின் கடைசியிலேயே இது விற்பனைக்கு வந்துடுச்சு. கிழக்கு ஜெர்மனியின் குட்டி டிராபண்ட் காருக்குக்கூட கூரை டென்ட் இருந்தது.

எங்க வீட்ல எனக்கு முன்னாடியே வண்டி மேல் படுத்த ஆள் ஒருத்தர் இருக்கார். எங்கப்பா. நாமக்கல்லில் லாரி ஓட்டினவர். நாக்பூர் பக்கம் லோடு ஏத்திட்டுப் போனா, கோடைக்கால ராத்திரியில் கேபினுக்குள் புழுக்கம் தாங்காம, தார்ப்பாய் மேல் ஏறிப் படுத்துக்குவாராம். "நட்சத்திரத்தைப் பாத்துக்கிட்டே தூங்கிருவேன் கண்ணு"ன்னு சின்ன வயசுல எத்தனையோ தடவை சொல்லியிருக்கார். இப்ப அவருக்கு 67 வயசு. முட்டி வலி, சர்க்கரை ரெண்டும் உண்டு. அவரை இன்னொரு தடவை அப்படித் தூங்க வைக்கணும்னு எனக்கு ஒரு ஆசை. டென்ட் வாங்க நினைச்சதுக்கு உண்மையான காரணம் இதுதான்.

250 கிலோ தாங்கும் சார்

நான் பார்த்து வெச்சது ஒரு ஹார்ட் ஷெல். மூணு பேர் படுக்கலாம். எடை 72 கிலோ. விலை ஒன்றரை லட்சத்துக்கு மேல. விற்கிறவர்கிட்ட ஃபோன்ல கேட்டேன், "எங்க வண்டி காம்பாக்ட் எஸ்யூவிதான், தாங்குமா?" அவர் யோசிக்கவே இல்லை. "250 கிலோ தாங்கும் சார், மூணு பேர் தாராளமா படுக்கலாம்." எனக்கு அது போதுமானதா இருந்தது. அப்பாவை ஸ்பீக்கர்ல போட்டுப் பெருமையா சொன்னேன்.

அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அவன் வண்டி நிக்கிறப்ப உள்ள கணக்கைச் சொல்றான். ஓடுறப்ப எவ்வளவு தாங்கும்? கொல்லிமலை வளைவுல பிரேக் அடிச்சா மேல இருக்கிற லோடு எந்தப் பக்கம் போகும்?"

என்கிட்ட பதில் இல்லை. காரோட வந்த கையேட்டை வாங்கின நாளுக்கு அப்புறம் அன்னைக்குத்தான் திறந்தேன். கூரையில் ஏற்றக்கூடிய அதிகபட்ச எடை 65 கிலோன்னு போட்டிருந்தது. டென்ட் 72. குறுக்குக் கம்பிகள் 6. மொத்தம் 78. அதாவது ஒரு ஆள்கூட ஏறிப் படுக்கிறதுக்கு முன்னாடியே, வீட்டைவிட்டுக் கிளம்பும்போதே 13 கிலோ ஓவர்லோடு.

இந்த எபிசோட்ல நீங்க ஒரே விஷயத்தைத்தான் ஞாபகம் வெச்சுக்கணும்னா, அது இதுதான். கூரைக்கு ரெண்டு கணக்கு இருக்கு. ஒண்ணு, ஓடும்போது தாங்கும் எடை. இன்னொண்ணு, நிற்கும்போது தாங்கும் எடை. நிற்கும்போது கூரை பல மடங்கு தாங்கும், ஏன்னா வண்டி கவிழ்ந்தாலும் உள்ளே இருக்கிறவங்க நசுங்கக் கூடாதுன்னுதான் அதை வடிவமைக்கிறாங்க. ஆனா ஓடும்போது அதே டென்ட் ஒவ்வொரு பள்ளத்திலும் கம்பியைக் குத்தும், ஒவ்வொரு வளைவிலும் பக்கவாட்டில் இழுக்கும், பிரேக் அடிச்சா முன்னாடி பாயப் பார்க்கும். எடை உயரத்தில் இருக்கிறதால வண்டி சாயும் போக்கும் அதிகம். காரவள்ளியில் இருந்து கொல்லிமலை ஏறினா 70 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே போய் இந்தக் கணக்கைக் கத்துக்க வேண்டாம்.

கூரை, ரெயில், குறுக்குக் கம்பி, இந்த மூணுக்கும் தனித்தனி எல்லை இருக்கும். அதில் எது குறைவோ அதுதான் உங்க எல்லை. கம்பி 75 கிலோ தாங்கும்னு அட்டைப் பெட்டியில் போட்டிருந்தாலும், கூரைக்கு 50 என்றால் 50தான். கரடுமுரடான பாதைக்கு இந்த எண்ணை இன்னும் குறைக்கச் சொல்கிற கம்பி கம்பெனிகளும் உண்டு. துணிக்கூரை வண்டி வெச்சிருக்கிறவங்களுக்கு இந்தப் பேச்சே வேண்டாம்.

சாஃப்ட்டா, ஹார்டா?

சரி, கையேட்டைப் பார்த்தாச்சு, எல்லை தெரிஞ்சுது. அடுத்து வகை.

சாஃப்ட் ஷெல் என்பது புத்தகம் மாதிரி திறக்கும். மேல் பாதி வண்டிக்கு வெளியே நீட்டி நிற்கும், அந்தப் பாதியை ஏணிதான் தாங்கும். ரெண்டு பேர் டென்ட் சுமார் 45-லிருந்து 60 கிலோ. விலை குறைவு, விரித்தால் இடம் அதிகம். ஆனா மேலே இருக்கிற கவரைக் கழட்டி, விரித்து, ஜன்னல் கம்பிகளை மாட்டி முடிக்கப் பத்துப் பதினஞ்சு நிமிஷம் ஆகும். மழையில் மடிக்கிறது கொடுமை.

ஹார்ட் ஷெல் என்பது பெட்டி மாதிரி. கிளிப்பை எடுத்தா கேஸ் ஸ்ட்ரட் தள்ளி மூடி தானே எழும்பும். ஒரே நிமிஷம். காற்றைக் கிழிச்சுக்கிட்டுப் போறதும் இதுதான் மேல். ஆனா எடையும் விலையும் அதிகம், படுக்கை பெரும்பாலும் கூரை அகலத்துக்குள்ளேயே இருக்கும். ஒரு பக்கம் மட்டும் உயரும் சாய்வு வகை எடுத்தா, தாழ்ந்த பக்கத்தைக் காற்று வரும் திசைக்குத் திருப்பி நிறுத்துங்க.

துணியைப் பொறுத்தவரை, நம்ம ஊர்ப் புழுக்கத்துக்கு பாலிகாட்டன் நல்லது. அது கொஞ்சம் சுவாசிக்கும். வெறும் பாலியெஸ்டர் லேசானது, சீக்கிரம் காயும், ஆனா காலையில் உள்பக்கம் முழுக்க நீர் முத்து முத்தா நிற்கும். அது மழை ஒழுகல் இல்லை, நம்ம மூச்சுதான். எதிரெதிரா ரெண்டு வலை ஜன்னல் இருக்கா, மெத்தைக்குக் கீழே காற்று போக ஒரு விரிப்பு இருக்கா, இதைக் கேளுங்க. மேல்துணிக்கு 2000 மி.மீ.க்குக் குறையாத நீர்த்தாங்கு அளவு இருக்கட்டும்.

இன்னொண்ணு, ஃபிளாட்ல இருக்கிறவங்களுக்கு. ஈரத்தோட மடிச்ச டென்ட்டை வீட்டுக்கு வந்ததும் விரிச்சுக் காயவைக்கணும், இல்லேன்னா பூஞ்சை பிடிச்சுடும். அதுக்கு உங்க அப்பார்ட்மென்ட்ல இடம் இருக்கா? மூடின டென்ட் கூரைக்கு மேல் சுமார் 30 செ.மீ. உயரம் சேர்க்கும். கம்பியோட சேர்ந்து வண்டி 2 மீட்டரைத் தாண்டிடும். உங்க பேஸ்மென்ட் வாசலில் போட்டிருக்கிற உயரத்தை இன்னைக்கே போய்ப் பாருங்க. கழட்டி வெச்சுக்கலாம்னா, ஒவ்வொரு தடவையும் தூக்க மூணு பேர் வேணும்.

ஏலகிரியில் ராத்திரி ரெண்டு மணி

அட்வான்ஸ் அனுப்புறதை நிறுத்திட்டு, அப்பா சொன்னபடி ஒரு காரியம் செஞ்சேன். "ஓட்டிப் பாக்காம வண்டி வாங்குவியா? படுத்துப் பாக்காம இதை வாங்குற?" டென்ட் மாட்டியே வாடகைக்குக் கிடைக்கிற ஒரு பெரிய எஸ்யூவியை எடுத்துக்கிட்டு, நான், மனைவி, அப்பா மூணு பேரும் ஏலகிரியில் ஒரு தனியார் தோட்டத்தில் காசு கட்டித் தங்கினோம்.

ஏறும்போது அப்பாவுக்கு அவ்வளவு உற்சாகம். கூரை ஜன்னலைத் திறந்து வெச்சுக்கிட்டு பழைய டிரைவர் கதையெல்லாம் சொன்னார். எனக்கு ஆசை நிறைவேறின சந்தோஷம்.

ராத்திரி ரெண்டு மணிக்கு அவர் எழுந்தார். சர்க்கரை இருக்கிறவங்களுக்கு ராத்திரி ஒரு தடவையாவது போகணும். என்னை எழுப்பவேண்டாம்னு நினைச்சு, இருட்டிலேயே இறங்கியிருக்கார். ஏணிப் படியெல்லாம் பனி. மேலேயிருந்து மூணாவது படியில் கால் வழுக்கி, சத்தம் கேட்டு நான் எழுந்து பார்த்தப்ப, ரெண்டு கையாலும் ஏணியைப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டு இருந்தார். மனைவியும் நானும் இறக்கினோம். அடி ஒண்ணும் இல்லை. ஆனா அவர் கை நடுங்கினதை நான் அதுக்கு முன்னாடி பார்த்ததே இல்லை. மீதி ராத்திரி முன்சீட்டைச் சாய்ச்சு அங்கேயே படுத்துக்கிட்டார்.

காலையில் டீ குடிக்கும்போது சொன்னார். "ஏறுறது பெருசில்ல கண்ணு. இறங்குறதுதான்."

எனக்குத் தொண்டை அடைச்சுது. மூணு மாசமா எடை, துணி, விலை எல்லாத்தையும் எக்ஸல் ஷீட்டில் போட்டு வெச்சிருந்தேன். யாருக்காக வாங்குறேனோ அவர் ராத்திரி எப்படி இறங்குவார்னு ஒரு காலம்கூட அதில் இல்லை.

அதனால, யார் படுக்கப் போறாங்கன்னு முதல்ல எழுதுங்க. முட்டி வலி, கர்ப்பம், தூக்கத்தில் எழுந்து நடக்கிற குழந்தை, இதில் எது இருந்தாலும் மாடிப் படுக்கை அவங்களுக்கு இல்லை. ஏணிக்குப் பட்டையான படி இருக்கணும். அது உறுதியான தரையில் நிற்கணும், மணலில் நின்னா அடியில் ஒரு பலகை வைங்க. வண்டியை மட்டமான இடத்தில் நிறுத்துங்க, சரிவு இருந்தா தலை மேட்டுப் பக்கம் வரட்டும். டென்ட்டுக்குள் அடுப்பு, கொசுவத்தி கூடவே கூடாது. ஏஞ்சினை ஓடவிட்டுத் தூங்கக் கூடாது.

எங்கே நிறுத்துறோம்ங்கிறதும் முக்கியம். ஆப்பிரிக்க வீடியோக்களைப் பார்த்துட்டு, உயரத்தில் படுத்தா மிருகம் வராதுன்னு நினைக்காதீங்க. நம்ம மேற்குத்தொடர்ச்சி மலையில் இருக்கிறது யானை. உங்க கூரை உயரம் அதோட தும்பிக்கைக்கு ஒரு விஷயமே இல்லை. காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாம ராத்திரி தங்குறது சட்டப்படி குற்றமும்கூட. தோட்டம், ஹோம்ஸ்டே, கேம்ப்சைட், இப்படி உரிமையாளர் அனுமதியும் கழிப்பறையும் இருக்கிற இடத்துக்குப் போங்க.

கடைசியில் என்ன வாங்கினேன்?

ரெண்டு பேர் படுக்கிற சாஃப்ட் ஷெல். 46 கிலோ. கம்பியோட 52. கையேட்டு எல்லைக்கு 13 கிலோ கீழே. கூடவே, நீட்டி நிற்கும் பாதிக்குக் கீழே ஜிப் போட்டு மாட்டுகிற ஒரு துணி அறை. அனெக்ஸ்னு சொல்வாங்க. வாங்கும்போது உங்க வண்டி உயரத்துக்கு அது சரியா வருமான்னு அளந்து பாருங்க. அதைக் கூரையில் ஏற்றாமல் டிக்கியில் வெச்சுக்கலாம். உள்ளே ஒரு மடக்குக் கட்டில், அது அப்பாவுக்கு. மேலே நானும் மனைவியும்.

டிசம்பர்ல கொல்லிமலை போனோம். 50 கிலோமீட்டர் ஓட்டினதும் நிறுத்தி எல்லா போல்ட்டையும் ஒரு தடவை முறுக்கிப் பார்த்தேன். இதுவும் அப்பா சொன்னதுதான், லோடு கட்டின கயிறு முதல் அரைமணி நேரத்தில் தளருமாம். வளைவுகளில் மெதுவாத்தான் ஏறினோம். ராத்திரி அவர் கட்டிலை அறைக்குள்ள போடவிடலை. வெளியே இழுத்துப் போட்டு, கம்பளியைப் போர்த்திக்கிட்டு, வானத்தைப் பார்த்துப் படுத்துக்கிட்டார். ஒருமணி நேரம் கழிச்சுக் குளிர் தாங்காம தானே உள்ளே போயிட்டார்.

மேலேயிருந்து நான் கேட்டேன், "அப்பா, தூங்கிட்டீங்களா?"

"நீ தூங்கு. காலையில் போல்ட்டை ஒருக்கா பாத்துரு."

அவ்வளவுதான் மக்களே. வருஷத்துக்கு ரெண்டு மூணு ராத்திரிதான் போவீங்கன்னா வாங்காதீங்க, வாடகைக்கு எடுங்க. வாங்குறதுன்னா கையேடு முதல்ல, ஏணி ரெண்டாவது, விலை மூணாவது. உங்க வண்டி கையேட்டில் கூரை எடை எவ்வளவு போட்டிருக்குன்னு பார்த்து எனக்கு எழுதுங்க. அடுத்த வாரம் சந்திப்போம். பத்திரமா ஓட்டுங்க.