பள்ளிக்கூடத் தோட்டமும் பிள்ளைகளின் அறிவும்

(ஓர் ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் தோட்டச் சங்கத்தைத் துவக்கி வைத்துப் பேசியது)



இந்தச் சங்கம் ஏற்படுவதில் உங்களில் சிலருக்கு அதிருப்தி உண்டென்று இங்கு வந்தவுடனே கேள்விப்பட்டேன். "மண்வெட்டி பிடித்து எங்கள் முதுகு ஒடிந்தது போதாதா? அதிலிருந்து தப்பட்டும் என்றுதானே பிள்ளையைப் படிக்க அனுப்பினோம்? இங்கேயும் அதையா அவன் கையில் கொடுப்பது?" என்று ஒரு பெரியவர் கேட்டாராம். கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் சொல்லாமல் சங்கத்தைப் புகழ்ந்துவிட்டுப் போவது யோக்கியமாகாது.

1953-ம் வருஷத்தில் அப்போதைய சென்னை ராஜ்யத்தில் ராஜகோபாலாச்சாரியார் மந்திரிசபை கிராமப் பள்ளிக்கூடங்களுக்கு ஒரு திட்டம் கொண்டுவந்தது. நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் படிப்பு. மற்ற நேரம் அவனவன் தகப்பன் தொழிலைப் பழக வேண்டியது. ஜனங்கள் அதைக் குலக்கல்வி என்று சொல்லி எதிர்த்தார்கள். 1954-ல் காமராஜர் முதன்மந்திரியான பின் அது கைவிடப்பட்டது. பெரியவர் பயப்படுவது அதைத்தான். ஆனால் அதில் பிறப்பைப் பார்த்து வேலை கொடுத்தார்கள். இங்கே யார் வீட்டுப் பிள்ளையானாலும், ஆணானாலும் பெண்ணானாலும், முறைவைத்து எல்லோரும் கொத்த வேண்டும், எல்லோரும் அளக்க வேண்டும், எல்லோரும் எழுத வேண்டும். அதுவும் படிப்பு நேரத்தைப் பிடுங்கிக்கொண்டு அல்ல. படிப்பாகவே செய்ய வேண்டும்.

என்ன படிப்பு என்பீர்கள். ஒரு சங்கதி சொல்லுகிறேன். பூசணிப் பிஞ்சை விரல் நீட்டிக் காட்டினால் அழுகி விழுந்துவிடும் என்று நம் வீடுகளில் சொல்லுகிறோமா இல்லையா? இதைப் பொய்யென்று நான் சொன்னால் பிள்ளை நம்ப வேண்டாம். நிஜமென்று பாட்டி சொன்னாலும் நம்ப வேண்டாம். தோட்டத்துக்குப் போய்ப் பார்க்கட்டும். பூசணியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பெண் பூவின் அடியில் பூக்கும் முன்பே சிறு பிஞ்சு இருக்கும். ஆண் பூவின் மகரந்தத்தைத் தேனீ கொண்டுவந்து சேர்த்தால்தான் அந்தப் பிஞ்சு காயாகும்.

மறுநாள் மலரப் போகிற ஐந்து பெண் பூக்களைச் சாயங்காலமே துணிப்பையால் மூடிக் கட்டட்டும். அவற்றை யாரும் விரல் நீட்டிக் காட்ட வேண்டாம். வேறு ஐந்து பூக்களுக்குக் காலையில் மகரந்தத்தைக் கையாலேயே தடவிவிட்டு, வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் தினமும் விரல் நீட்டிக் காட்டட்டும். மூடியவை மஞ்சளாகி விழுவதையும், காட்டியவற்றில் காய் பிடிப்பதையும் அவர்களே கண்ணால் காண்பார்கள். காட்டியதில் ஒன்றிரண்டு விழுந்தாலும் மறைக்காமல் எழுதட்டும். தண்ணீர்க் குறைவா, பூச்சியா என்று தேடட்டும். ஐந்து ஐந்தாக வைப்பது எதற்கென்றால், ஒன்றை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்பதற்காகத்தான். இந்தப் புத்தி பூசணியோடு நிற்காது. பெரியவனான பிறகு யார் எதைச் சொன்னாலும், "சோதித்துப் பார்த்தாயா?" என்று கேட்பான்.

அதனால்தான் இது சில சர்க்கார்களுக்குப் பிடிப்பதில்லை. ஜெர்மனியில் பிரோபல் என்பவர் 1837-ல் சிறு குழந்தைகளுக்கு ஒரு பள்ளி துவக்கி, 1840-ல் அதற்குக் "குழந்தைகளின் தோட்டம்" என்றே பேர் வைத்தார். உலகமெல்லாம் கிண்டர்கார்டன் என்று சொல்லுவது அந்தப் பேர்தான். பேருக்குத் தகுந்தாற்போல் குழந்தைக்கென்று தனிப் பாத்தியும், எல்லோருக்கும் பொதுப் பாத்தியும் இருக்க வேண்டுமென்றார். இவ்வளவுக்கும் அவர் தெய்வ பக்தியுள்ளவர். ஆனாலும் பிரஷ்யா சர்க்கார் 1851-ல் இது நாஸ்திகம் வளர்க்கிறதென்று தடை போட்டது. மறுவருஷமே அவர் இறந்துபோனார். 1860-ல்தான் தடை நீங்கியது. குழந்தை விதை போட்டால் ஒரு சர்க்காருக்கு என்ன பயம் என்று யோசித்துப் பாருங்கள்!

உபாத்தியாயர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தத் தோட்டத்தில் சில பிள்ளைகள் தண்ணீர் சுமப்பதும், சில பிள்ளைகள் நிழலில் நின்று கணக்கு எழுதுவதுமாக ஏற்பட்டுவிட்டால், அன்றைக்கே இதை மூடிவிடுங்கள். அது தோட்டமல்ல, பழைய ஊரேதான். உங்கள் சொந்த வீட்டு வேலைக்கும் பிள்ளைகளைக் கூப்பிடக்கூடாது. விளைகிற கீரையும் காயும் எடைபோட்டு, கணக்கெழுதி, எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து உண்ணும் மத்தியானச் சாப்பாட்டுக்கே போகவேண்டும்.

பெற்றோர்களே! மாதம் ஒருமுறை வந்து நோட்டுப் புத்தகத்தைப் பாருங்கள். உங்கள் பிள்ளையின் கையில் மண் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். அந்தக் கை என்ன எழுதியிருக்கிறதென்றும் பாருங்கள். எழுத்து இல்லையென்றால் உபாத்தியாயரைத் தாராளமாகக் கேளுங்கள். கேட்க உங்களுக்குப் பாத்தியமுண்டு என்று சொல்லி, இவ்வளவுடன் என் பேச்சை முடித்துக்கொள்ளுகிறேன்.