பழைய வண்டியும் அத்திமரமும்



பட்டறையிலிருந்து ஒரு துண்டுச்சீட்டு வீட்டுக்கு வருகிறது. கிளட்ச் பிளேட், ஷாக் அப்சார்பர், என்ஜின் வேலை, டிங்கரிங், கூலி, எல்லாம் சேர்த்து 35,000 ரூபாய். வண்டியை விற்றால் அதைப் போல் இருமடங்குகூடத் தேறாது. பதினான்கு வருடமாகப் பிள்ளைகளைப் பள்ளிக்கும், அம்மாவை ஆஸ்பத்திரிக்கும், நம்மை ஞாயிறு பூசைக்கும் கொண்டுவந்து சேர்த்த சின்ன கார். ஒரு காலத்தில் மைலேஜுக்குப் பேர்போனது. செப்பனிடுவதா, மாற்றுவதா? சாப்பாட்டு நேரத்தில் வீடு இரண்டாகப் பிரிகிறது.

இதற்கும் நற்செய்திக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். பல லட்சம் ரூபாய் கடனும், குடும்பத்தின் உயிரும், அக்கம்பக்கத்தார் முன் நம் மரியாதையும் ஒன்றாகக் கலந்து நிற்கும் முடிவுகள் வாழ்க்கையில் அதிகம் வருவதில்லை. அப்படிப்பட்ட இடத்தில் ஆண்டவரிடம் பேசாமல் வேறு எங்கே பேசுவது?

அதிலும் நாம் ஓசூர்க்காரர்கள். 1970-களில் சிப்காட் வந்ததிலிருந்து வண்டிதான் நமக்குச் சோறு. அசோக் லேலண்ட் லாரியும் டி.வி.எஸ். மொபெட்டும் இங்கிருந்துதான் ஊர் ஊராகப் போயின. இப்போது போச்சம்பள்ளிப் பக்கம் மின்சார ஸ்கூட்டரும் செய்கிறார்கள். ஊரார் புது வண்டி வாங்கினால்தான் நமக்கு ஓவர்டைம் உண்டு. ஆகவே "பழசே போதும்" என்று நாம் சொல்வது கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கும். இருந்தாலும் நாம் செய்யும் பொருளுக்கு நாமே அடிமையாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

லூக்கா நற்செய்தி 14-ஆம் அதிகாரத்தில், கோபுரம் கட்ட நினைப்பவர் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்கிறார் ஆண்டவர். நாமும் உட்காருவோம். மாதம் 600 கிலோமீட்டர் ஓட்டுகிறோம். தேய்ந்துபோன பழைய வண்டி லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கொடுக்கிறது, புதியது 20 கொடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். பழையதற்கு 43 லிட்டர், புதியதற்கு 30 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்றாலும் மிச்சம் 1,300 ரூபாய்தான். ஆனால் ஐந்து லட்சம் கடன், 9 சதவீத வட்டி, ஐந்து வருடம் என்றால் மாதத் தவணை 10,000 ரூபாயைத் தாண்டிவிடும். பெட்ரோல் மிச்சமாகும் என்பதற்காகப் புது வண்டி வாங்குவது இந்தக் கணக்கில் நிற்காது. காண்ட்ராக்ட் வேலை அடுத்த வருடம் இருக்குமா என்று தெரியாத வீட்டில், அந்தத் தவணை பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தின்மேல்தான் கை வைக்கும்.

பதினைந்து வருடமானால் வண்டியை அரசு பிடுங்கிக்கொள்ளும் என்ற பயமும் ஒரு பக்கம். அது டெல்லிப் பகுதியில் பழைய வண்டிகளுக்கு வந்த தடையிலிருந்து பரவிய பேச்சு. நம் மாவட்டத்தில், தகுதிச் சோதனையில் தேறினால், கட்டணமும் பசுமை வரியும் கட்டி ஆர்.சி.-யை இன்னும் ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்கலாம்.

அப்படியானால் நம்மைத் தள்ளுவது எது? கல்யாண மண்டபத்து வாசலில் நம் வண்டியை ஓர் ஓரமாக நிறுத்தும்போது மனசில் குத்துகிறதே, அது. 2013-இல் திருத்தந்தை பிரான்சிஸ், குருமாணவர்களிடமும் துறவற இளையோரிடமும் பேசும்போது, குருக்களும் துறவியரும் புத்தம்புது மாடல் காரில் வருவதைப் பார்த்தால் தமக்கு வலிக்கிறது என்றார். கார் தேவைதான், ஆனால் எளிமையானதாக இருக்கட்டும் என்றார். அதே ஆண்டு செப்டம்பரில், இத்தாலியின் வெரோனா பகுதியைச் சேர்ந்த வயதான குரு ஒருவர், தாம் மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓட்டிய 1984-ஆம் வருடத்து ரெனால்ட் 4 வண்டியை அவருக்குக் கொடுத்தார். திருத்தந்தை சாவியை வாங்கித் தாமே ஓட்டினார். (நாமோ புது வண்டியைத்தான் மாலை போட்டு மந்திரிக்கக் கொண்டுவருகிறோம். பிரேக் மாற்றிய பழைய வண்டியை மந்திரிக்கக் கொண்டுவந்தவர் யாராவது உண்டா?)

ஆனால் பழையதைக் கட்டிக்கொண்டு அழுவது புண்ணியம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பழைய துணியில் புதுத் துணியை ஒட்டுப்போட்டால் கிழிசல் பெரிதாகும் என்று சொன்னவரும் அதே ஆண்டவர்தான். கிளட்ச் போனால் மாற்றலாம், ஷாக் அப்சார்பர் மாற்றலாம். அடிப்பாகத் தகடே துருப்பிடித்து உளுத்துப்போயிருந்தால், ஸ்டியரிங் ஆட்டம் கண்டிருந்தால், மூன்றாவது முறையாக என்ஜினைப் பிரிக்கச் சொன்னால், அது ஒட்டுப்போடும் வேலைதான். வேளாங்கண்ணித் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு போகும்போது தொப்பூர் கணவாயில் இறங்குகிறோம். முன்னும் பின்னும் பாரம் ஏற்றிய லாரிகள். அங்கே பிரேக் பிடிக்குமா என்று சந்தேகம் வந்தால், சிக்கனம் என்ற பேச்சுக்கே இடமில்லை. 2019 ஏப்ரலிலிருந்து புதுக் கார்களில் ஏ.பி.எஸ். பிரேக் கட்டாயம். நம் பழைய சின்ன கார்கள் பலவற்றில் அதுவும் கிடையாது, ஏர்பேக்கும் கிடையாது. இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மாற்றுவது என்று முடிவானால் இன்னொரு கேள்வி வரும். பழையதை யார் தலையில் கட்டுவது? பெயின்ட் அடித்து, கெட்டியான ஆயில் ஊற்றிப் புகையை மறைத்து, சூளகிரிப் பக்கத்து விவசாயியிடம் தள்ளிவிடலாம். நம் பிள்ளைகளுக்கு ஆபத்தான பிரேக் அவர் பிள்ளைகளுக்கும் ஆபத்துதானே? குறையைச் சொல்லி, அதற்கேற்ப விலையைக் குறைத்து விற்போம். ஓட்டவே தகுதியில்லாததை, அங்கீகாரம் பெற்ற வாகன அழிப்பு மையத்தில் கொடுத்து ஆர்.சி.-யை ரத்து செய்வோம். அதேபோல, பெங்களூரிலிருந்து விலை குறைவு என்று பழைய வண்டியை ஓட்டிவருகிறவர்கள், தடையில்லாச் சான்றும் நம் மாநில வரியும் இல்லாமல் கர்நாடகப் பதிவெண்ணிலேயே வருடக்கணக்கில் அத்திப்பள்ளிக்கும் ஓசூருக்கும் ஓட்டுவதும் சரியல்ல. சீசருக்கு உரியது பற்றி நாம் மறையுரை கேட்டிருக்கிறோம்.

இனி லூக்கா 13-ஆம் அதிகாரத்து அத்திமரத்துக்கு வருவோம். மூன்று வருடமாகக் கனி இல்லை, வெட்டிவிடு என்கிறார் உரிமையாளர். தோட்டத் தொழிலாளரோ இன்னும் ஓர் ஆண்டு விட்டுவைக்கச் சொல்கிறார். சும்மா விட்டுவைக்க அல்ல; சுற்றிலும் கொத்தி எரு போடுவதாகச் சொல்கிறார். அதற்குப் பிறகும் கனி இல்லையென்றால் வெட்டிவிடலாம் என்று அவரே ஒத்துக்கொள்கிறார். இரக்கமும் இருக்கிறது, உழைப்பும் இருக்கிறது, கெடுவும் இருக்கிறது.

பட்டறைச் சீட்டை எடுத்து, நம்பிக்கையான மெக்கானிக்கிடம் நேராகவே கேட்போம்: "அண்ணே, இந்தச் செலவு செய்தால் பயமில்லாமல் எத்தனை வருடம் ஓடும்?" இரண்டு வருடம் என்றால் செய்வோம். அந்த இரண்டு வருடமும் தவணையில் பாதியையாவது மாதாமாதம் தபால் நிலையத்தில் போட்டுவைப்போம். கெடு முடியும் மாதத்தை வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் பங்கு நாட்காட்டியின் ஓரத்தில், பிள்ளைகள் பார்க்கும்படி எழுதிவைப்போம்.