கட்டிலருகே ஓர் ஆள்
(விழா ஆயத்த நாட்களில், நோயாளர் தினத்தன்று பங்குத் தந்தை ஆற்றிய உரை)



மாற்கு நற்செய்தி ஐந்தாம் அதிகாரத்தில் வரும் பன்னிரண்டு வயதுச் சிறுமியை நீங்கள் அறிவீர்கள். தொழுகைக்கூடத் தலைவரின் மகள். ஆண்டவர் அந்த வீட்டுக்குள் நுழைந்ததும் அழுது ஓலமிட்ட கூட்டத்தை வெளியே அனுப்பினார். தாயையும் தகப்பனையும் கூடவே வைத்துக்கொண்டார். பிள்ளையின் கையைப் பிடித்தார். அவள் எழுந்து நடந்ததும், சாப்பிட ஏதாவது கொடுக்கச் சொன்னார். இறந்தவளை எழுப்பிய புதுமையைப் பற்றிப் பல பிரசங்கங்கள் கேட்டிருப்பீர்கள். இன்று அந்தச் சின்னக் காரியங்களைப் பற்றித்தான் பேச விரும்புகிறோம்.

பாகூரிலிருந்து ஆபரேஷன் என்றால் நம் மக்கள் புதுச்சேரிக்கோ கடலூருக்கோதான் போகவேண்டும். அதில் நமக்குக் குறையில்லை. பிரெஞ்சுக்காரர் 1823-இல் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழியில் வந்த ஜிப்மர் மருத்துவமனை கோரிமேட்டில் இருக்கிறது. வயிற்றை அறுத்துத் தைக்க அங்கே வல்லவர்கள் உண்டு. ஆனால் தைத்த பிறகு, விழித்துப் பார்த்து நடுங்குகிற பிள்ளையின் பயத்தை யார் தைப்பது?

நம் கிளைக் கிராமம் ஒன்றில் ஒரு சிறுமிக்குக் குடல்வால் வெடித்துவிட்டது. அவசரமாக ஆபரேஷன். 'வயிற்றைப் படம் எடுக்கத்தான் போகிறோம்' என்று சொல்லி வீட்டார் கூட்டிப் போனார்கள். பாசத்தால் சொன்ன பொய். விழித்தபோது வயிற்றில் தையல், மூக்கில் குழாய், கையில் ஊசி. அன்றிலிருந்து அந்தப் பிள்ளை ஒருவரையும் நம்பவில்லை. இரும மாட்டேன், எழுந்து உட்கார மாட்டேன், தொடாதே என்று ஒரே பிடிவாதம். இருமாமல் படுத்தே கிடந்தால் நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வரும் என்று டாக்டர் கண்டித்தும் பயனில்லை.

தாய்க்குக் கைக்குழந்தை. ஆகவே சித்திதான் துணைக்கு இருந்தார். படிப்பு அதிகமில்லாத பெண். அவர் பிள்ளையிடம் சொன்னது இதுதான்: "வலிக்கும்டி. இன்னைக்கு வலிக்கிறது நாளைக்குக் கொஞ்சம் கொறையும். நான் எங்கேயும் போவ மாட்டேன். தண்ணி புடிக்கப் போனாலும் உங்கிட்டச் சொல்லிட்டுத்தான் போவேன்." சொன்னபடியே செய்தார். பிள்ளை தூங்கும்போது நழுவிப் போவது சுலபம். அவர் எழுப்பிச் சொல்லிவிட்டுப் போனார். ஊசி போட வந்தால், 'இது சுருக்கென்று குத்தும், பத்து எண்ணு' என்பார். துண்டை மடித்துத் தையலின்மேல் வைத்து, அதை அணைத்துக்கொண்டு இருமுவது எப்படி என்று நர்ஸ் அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, தாமே முதலில் இருமிக் காட்டினார். மூன்றாம் நாள் அந்தப் பிள்ளை சித்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வரை நடந்தது.

இப்படிக் கூட இருப்பதை நாம் சாதாரணமாக நினைக்கிறோம். இங்கிலாந்தில் ஒரு காலத்தில் பிள்ளையை ஆஸ்பத்திரியில் சேர்த்தால் தாய் வீட்டுக்குப் போய்விடவேண்டும். குறித்த நேரத்தில் மட்டும் வந்து பார்க்கலாம். ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் 1952-இல் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று ஆஸ்பத்திரியில் தனியே படும் தவிப்பைப் படம் பிடித்துக் காட்டினார். டாக்டர்கள் பலருக்குக் கோபம் வந்ததாம்! 1959-இல் பிளாட் குழு அறிக்கை, பெற்றோரை எந்நேரமும் அனுமதிக்கவேண்டும், தாய் கூடத் தங்கவும் வசதி வேண்டும் என்று பரிந்துரைத்தது. கட்டிலுக்கடியில் பாயைச் சுருட்டி வைத்திருக்கும் நம் ஆயாக்களுக்கு அறிக்கை தேவைப்படவில்லை. ஆனால் கூட இருந்தால் மட்டும் போதுமா? கூட இருந்தே பயமுறுத்துகிறவர்களும் உண்டல்லவா? ஆரஞ்சுப் பழத்தோடு வந்து, 'இதே மாதிரிதான் எங்க ஊர்ல ஒரு பையனுக்கு...' என்று பிள்ளையின் காதுபடக் கதை ஆரம்பிக்கிறார்கள். ஆண்டவர் வெளியே அனுப்பிய கூட்டம் இதுதான்.

நம்மைக் கண்டும் அந்தச் சிறுமி பயந்தாள் என்பதைச் சொல்லியாகவேண்டும். எண்ணெய்ச் சிமிழைப் பார்த்ததும், "சாமி வந்துட்டாரு, நான் சாவப் போறேனா?" என்று வீறிட்டாள். பெரியவர்கள் 'அவஸ்தைப் பூசுதல்' என்று பேசுவதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை. திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் 1972-இல் வெளியிட்ட சடங்குமுறைப்படி இது நோயில்பூசுதல். கடும் நோய்க்காக ஆபரேஷன் செய்யுமுன்னும் பெறலாம். விவரம் தெரிந்த சிறுவர்களும் பெறலாம். மூச்சு இழுக்கும்போதுதான் குருவானவரைக் கூப்பிடுவது என்ற வழக்கத்தை விட்டுவிடுங்கள். சுகமாக இருக்கும் நாட்களிலேயே பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி வையுங்கள். சிமிழை அவள் கையிலேயே கொடுத்தோம். முகர்ந்து பார்த்து, 'நல்லெண்ணெயா?' என்றாள். ஒலிவ எண்ணெய் என்றோம். பிறகுதான் நெற்றியைக் காட்டினாள்.

வீடு திரும்பிய பின் வேறு தொல்லைகள். சீழ் பிடிக்கும் என்று முட்டை, மீன், பருப்பு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வெறும் ரசச் சோறு போடுகிறோம். புண் ஆறச் சத்து வேண்டும். டாக்டர் தடுத்தாலன்றி எந்த உணவையும் தடுக்காதீர்கள். வில்லியனூர் மாதா குளத்துத் தண்ணீரைப் பக்தியோடு கொண்டு வருகிறீர்கள், நல்லது. பிள்ளையின் நெற்றியில் சிலுவை அடையாளம் வரையுங்கள். தையலில் ஊற்றாதீர்கள். மாதா கோபித்துக்கொள்ள மாட்டார்கள். காய்ச்சல் வந்தால், தையலைச் சுற்றிச் சிவந்தால், நீர் கசிந்தால், மஞ்சளை அரைத்துப் பூசிக்கொண்டு காத்திராமல் முதல் பஸ்ஸுக்கே கிளம்புங்கள்.

நன்றாக வளர்ந்த பிள்ளை ராத்திரியில் பாயை நனைக்கும். கனவு கண்டு அலறும். தாயின் முந்தானையை விடாது. 'இவ்வளவு பெரிய பெண்ணாகிவிட்டு' என்று கேலி செய்யாதீர்கள். சில வாரங்களில் சரியாகிவிடும். நீடித்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். படுத்தே கிடப்பதன் சலிப்பும் ஒரு நோய். புனித இஞ்ஞாசியார் 1521-இல் பம்பலூனாக் கோட்டையில் குண்டடிபட்டுக் காலெலும்பு முறிந்து வீட்டில் கிடந்தபோது, அண்ணி மகதலேனாதான் வீட்டுத் தலைவி. வீரக்கதைகள் கேட்டார், அவை வீட்டில் இல்லை. கிடைத்த ஞானப் புத்தகங்கள் இரண்டைக் கொடுத்தார்கள். பிறகு நடந்தது திருச்சபைக்குத் தெரியும். உங்கள் பிள்ளைக்குப் பாடப் புத்தகமோ, பல்லாங்குழியோ, எதுவானாலும் கையில் கொடுங்கள்.

இன்னொன்று. அந்தச் சித்தி ஒன்பது நாள் நடவு வேலைக்குப் போகவில்லை. ஒன்பது நாள் கூலி போயிற்று. நடவு முடிந்தபின் அந்தக் கூலி திரும்ப வருமா? நாமறிய, அவர் அதைப்பற்றி ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. ஆகவே இந்த விழா ஆண்டில், ஆஸ்பத்திரியில் துணைக்கு இருப்பவர்களுக்கு ஒருநாள் ஓய்வு கொடுக்க, முறை போட்டுப் போகும் குழு ஒன்றை வின்சென்ட் தெ பவுல் சபையார் அமைக்கிறார்கள். பஸ் செலவைச் சபை ஏற்கும். பெயர் கொடுக்க விரும்புவோர் ஞாயிறு பூசை முடிந்ததும் சக்கிறீஸ்துக்கு வரலாம். இதுவரை வந்த பதினோரு பெயர்களும் பெண்களுடையவை. ஆண்கள் வார்டில் பெண்களைத் தங்கவிட மாட்டார்கள் என்பதை இங்கே பின்வரிசையில் நிற்கும் ஆண்களுக்குத் தெரிவித்துக்கொள்கிறோம்.