நிறக்கோழிக்குச் சோடி சேர்க்கும் முறை
(பேரையூர் வட்டார உழவர்களிடையே நிகழ்த்திய உரை)



பேரையூர்ப் பகுதி பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. பருத்தியும் சோளமும் கைவிடும் ஆண்டில் வீட்டுச் செலவுக்குக் கைகொடுப்பது புறக்கடைக் கோழியே. சந்தைக்கு வருபவர் நிறக்கோழியை நாட்டுக்கோழி என்று நம்பி விரும்பி வாங்குகிறார். ஐதராபாத்தில் உருவாக்கப்பட்ட வனராஜா இனமும் பல நிற இறகுடன் இருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சேவல் வளர்ப்போர் காகம், கீரி, வல்லூறு, மயில் என்று நிறத்தை வைத்தே பெயரிடுவதும் நம் வழக்கம்.

ஆனால், நிறத்தை மட்டும் நம்பி அதிக விலை கொடுத்து ஏமாறுவோரும் உண்டு. ஒருவர் சாம்பல் நீல நிறச் சேவலும் பெட்டையும் சோடியாக வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். 12 முட்டைகளை அடை வைக்கிறார். குஞ்சுகளில் ஏறக்குறைய பாதிதான் நீலம், கால்பங்கு கறுப்பு, மீதிக் கால்பங்கு அழுக்கு வெள்ளையில் நீலத் திட்டுடையவை. விற்றவர் கலப்பினத்தைக் கொடுத்துவிட்டார் என்று இவர் எண்ணுகிறார். அது உண்மையன்று. ஸ்பெயின் நாட்டு ஆண்டலூசியன் கோழியை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஆராய்ந்தவர்களும் இதே கணக்கையே கண்டார்கள். கறுப்புக்குரிய மரபுக்கூறும் திட்டு வெள்ளைக்குரிய மரபுக்கூறும் ஒன்று சேர்ந்தால்தான் நீலம் உண்டாகிறது. ஆகவே நீலம் எக்காலத்தும் தனித்து நிலைப்பதில்லை. ஒரே அடையில் இந்தக் கணக்கு முன்பின்னாகலாம்; பல அடைகளைச் சேர்த்துப் பார்த்தால் சரியாக வரும்.

இதில் உங்களுக்கு ஒரு நன்மையும் உண்டு. அந்தக் கறுப்புக் குஞ்சையும் திட்டுக் குஞ்சையும் வேண்டாதவை என்று மலிவாக விற்றுவிடாதீர்கள். வெவ்வேறு சோடிக்குப் பிறந்த கறுப்பையும் திட்டையும் வளர்த்து இணை சேர்த்தால் பிறக்கும் குஞ்சுகள் அனைத்தும் நீலமே.

அடுத்து, குறுக்குவரிக் கோழி. கறுப்பு இறகில் வெள்ளை வரி ஓடும் பெட்டையைக் கறுப்புச் சேவலுடன் சேர்த்தால், தாயின் வரி மகன்களுக்கு மட்டுமே போகும். பொரித்த அன்றே குஞ்சின் தலையைப் பாருங்கள். உச்சியில் வெள்ளைப் புள்ளி இருந்தால் சேவல், இல்லையெனில் பெட்டை. முட்டைக்கு வேண்டியதையும் விற்பனைக்கு வேண்டியதையும் முதல் நாளே பிரித்துவிடலாம். வரியுள்ள சேவலைக் கறுப்புப் பெட்டையுடன் மாற்றிச் சேர்த்தால் இந்த அடையாளம் கிடைக்காது.

சுங்குடிச் சேலைக்குக் கரை போட்டதுபோல் ஒவ்வோர் இறகின் ஓரத்திலும் கறுப்பு விளிம்பு ஓடும் கோழிகளும் உண்டு. இங்கிலாந்தில் ஜான் செப்ரைட் என்பவர் பல ஆண்டுகள் உழைத்து, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தகைய சிறுகோழியினத்தை உருவாக்கினார். இந்த விளிம்பு ஒரே மரபுக்கூறால் வருவதன்று. பல கூறுகள் ஒன்றுகூட வேண்டும். நாட்டுக்கோழியுடன் ஒருமுறை சேர்த்ததும் அது கலைந்துவிடும். எனவே விளிம்புச் சேவல் ஒன்றை மட்டும் பெரும்விலைக்கு வாங்கிப் பயனில்லை.

சோடி சேர்ப்போர் பின்வருவனவற்றைக் கடைப்பிடிக்க வேண்டும்:

1. வேறு சேவலுடன் மேய்ந்த பெட்டையைப் பிரித்து, புதிய சேவலுடன் 3 வாரங்கள் விட்ட பிறகே முட்டைகளை அடைக்கு எடுக்கவும். முந்தைய சேவலின் வித்து அதுவரை பெட்டையின் உடலில் தங்கியிருக்கக்கூடும்.

2. ஒரு சேவலுக்கு 8 முதல் 10 பெட்டைகள் போதும்.

3. குஞ்சின் காலில் வளையமிட்டு, தாய் தந்தையின் நிறத்தைக் குறிப்பேட்டில் எழுதவும்.

4. குஞ்சுப் பருவ இறகைக் கண்டு கழிக்க வேண்டாம். 5 அல்லது 6 மாதம் சென்ற பின்னரே முழு நிறம் தெரியும்.

5. நிறம் நிலைக்க வேண்டுமென்று உடன்பிறந்தவற்றையே தொடர்ந்து சேர்த்தால் பொரிப்பு குறையும், குஞ்சுகள் நலியும்.

6. வெள்ளைக்கழிச்சலுக்கு 7-ஆம் நாள் சொட்டு மருந்தும் 8-ஆம் வாரம் தடுப்பூசியும் தவறாமல் போடவும். நோய் புகுந்தால் நிறம் பார்த்து விடாது.

முதலில் நன்றாக அடைகாத்துக் குஞ்சுகளைக் காக்கும் தாயையும், நல்ல உடற்கட்டுள்ள சேவலையும் தேர்ந்தெடுங்கள். அவற்றுள் நிறம் பாருங்கள். இந்த வரிசை மாறினால் இரண்டு மூன்று தலைமுறையில் கூட்டில் அழகு இருக்கும், முட்டை இராது.