வாசல் பிளக்குக்கும் ஒரு குடை வேணும்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



குழுக் கடனில் கிரைண்டர் வாங்கி மாவு விற்கிறோம். வீட்டுக்குள்ள இடம் பத்தாம, ஜன்னல் வழியா ஒயரை இழுத்துத் திண்ணையில் ஓட்டுகிறோம். மழைச் சாரல், ஈரக் கை, வெறுங்கால். போன ஐப்பசியில் கிரைண்டரைத் தொட்டதும் எனக்குச் சுரீர்னு அடிச்சது. பிளக்கைப் பிரித்தால் எர்த் ஒயரே மாட்டவில்லை!

உடனே லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிட்டேன். சாரல் படாத சுவரில், இடுப்புக்கு மேலே, மழை தாங்கும் ஐ.பி. 65 பெட்டி வைத்தார். பிளக் சொருகியிருந்தாலும் அதன் மூடி மூடும். ஒயர் அடிப்பக்கமாக நுழைவதால் தண்ணீர் உள்ளே வழியாது. பச்சை எர்த் ஒயரை எர்த் குழி வரை இணைத்தார். மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போட்டார். மின்சாரம் கசிந்தால் கண் இமைக்கும் நேரத்தில் அது அணைத்துவிடும். அதிலுள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்க. அணையவில்லை என்றால் வயர்மேனைக் கூப்பிடுங்க.

செலவுக்குப் பயந்து தள்ளிப் போடாதீங்க. குழுவில் உள்கடன் கேளுங்க. கிரைண்டர் போனால் வேற வாங்கலாம். பிள்ளைகளுக்கு வேற அம்மா கிடைப்பாளா?