மதிலும் அரணும்

தொழிலை நாடித் தமிழகத்திற்கு வெளியே குடியேறிய நம்மில் பலர், ஏதேனும் ஒரு கோட்டையின் நிழலில் வாழ்கிறோம். தில்லியில் செங்கோட்டை இருக்கிறது. மும்பையில் ஒரு வட்டாரத்தின் பெயரே கோட்டை. 1860களில் மதில்களை இடித்த பின்னரும் அப்பெயர் நிலைத்துவிட்டது. கொல்கத்தாவின் பெரிய மைதானத்தைக் கோட்டையின் வெளி என்னும் பொருள்படவே வங்காளிகள் வழங்குகின்றனர்.

இவை யாவற்றையும் நாம் 'கோட்டை' என்னும் ஒரே சொல்லால் குறிக்கிறோம். பெருமைக்குரிய சொல்தான். வடமொழியில் 'கோட்ட' என வழங்கும் சொல் திராவிட மொழிகளிலிருந்து சென்றதென்பது பர்ரோ, எமனோ ஆகிய அறிஞர்களின் கருத்து. ராஜ்கோட், பதான்கோட், தில்லியின் பழைய லால்கோட் ஆகிய பெயர்களில் ஒலிப்பதும் அச்சொல்லே.

ஆயினும், பல சொற்களின் சுமையை ஒரே சொல் தாங்கும்போது பொருள் மயங்குகிறது. 1857ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆம் நாள் ஆங்கிலப் படையினர் காஷ்மீரி வாயிலை வெடிமருந்தால் தகர்த்துத் தில்லிக்குள் நுழைந்தனர். அன்று தகர்ந்தது நகர மதிலின் வாயில். பகதூர் ஷாவின் அரண்மனையாகிய செங்கோட்டை 20ஆம் நாளே அவர்கள் வசமாயிற்று. இடைப்பட்ட நாட்களில் தெருத் தெருவாகப் போர் நடந்தது. இரண்டையும் 'கோட்டை' என்று மொழிபெயர்த்தால், அந்நாட்களும் அவற்றில் மடிந்தோரும் வரலாற்றிலிருந்து மறைந்துவிடுவர். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நாங்கள் சொல்லுக்குச் சொல் நின்று தேடுவது இதனாலேயே.

தேடுவோருக்குத் தமிழ் வறிய மொழி அன்று. பகைவன் வரும் வழியிலேயே நாமும் நடந்து பார்ப்போம். முதலில் எதிர்ப்படுவது மிளை, அதாவது காவற்காடு. அதைக் கடந்தால் அகழி. இதற்குக் கிடங்கு என்றும் பெயர். பண்டம் அடுக்கும் இடத்திற்கு இன்று நாம் வழங்கும் சொல், அன்று நீர் நிறைந்த பள்ளத்தைக் குறித்தது. அகழிக்கு அப்பால் எழுவது மதில். எயில், இஞ்சி, புரிசை என்பனவும் அதன் பெயர்களே. எயில் என்பதை அம்பு எய்தலோடு பொருத்திக் காட்டுவோர் உண்டு. இஞ்சி என்றால் இன்று கறிக்கு அரைப்பது மட்டுமே நம் நினைவுக்கு வருகிறது!

மதிலின் உச்சியில் வீரர் மறைந்து நின்று போரிடுவதற்குரிய உறுப்பு ஞாயில். அம்பு செல்வதற்கு விட்ட துளை ஏப்புழை. 'ஏ' என்றால் அம்பு. பெருவாயில் அடைபட்டிருக்கும்போது ஒருவர் நுழைந்து செல்லும் சிறுவாயில் திட்டிவாயில். மதிலினின்று புறத்தே புடைத்து நிற்பது கொத்தளம். ஆகஸ்டு 15ஆம் நாள்தோறும் 'செங்கோட்டைக் கொத்தளத்தில் கொடியேற்றினார்' என்று தமிழ்ச் செய்தி கேட்கிறோமே, அச்சொல் அவ்வாறு உயிரோடிருக்கிறது. ஏனையவை அகராதியில் உறங்குகின்றன.

இவற்றுள் மிக விரிந்த பொருளுடைய சொல் அரண். காப்பது எதுவாயினும் அது அரண். கல்லும் சுண்ணாம்பும் வேண்டுமென்பதில்லை. திருவள்ளுவர் அரண் என ஓர் அதிகாரமே வகுத்து, நீர், வெளிநிலம், மலை, காடு ஆகிய நான்கையும் அரணாகக் கொள்கிறார். கௌடிலியரின் அர்த்தசாஸ்திரமும் நீர், மலை, பாலை, காடு என நால்வகைத் துர்க்கங்களைக் கூறுகிறது.

இப்பாகுபாட்டைக் கண்ணால் காணவும் இயலும். யுனெஸ்கோ நிறுவனம் 2025ஆம் ஆண்டில் மராத்தியரின் படையரண்கள் 12ஐ உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. அவற்றுள் 11 மகாராட்டிரத்தில் உள்ளன. கடல் சூழ்ந்த சிந்துதுர்க் நீரரண்; காட்டு மலையில் நிற்கும் பிரதாப்கட், மலையரணும் காட்டரணும் ஒருங்கே அமைந்தது. பன்னிரண்டாவது நம் செஞ்சி. மூன்று குன்றுகளை மதிலால் பிணைத்த அம்மலையரணை முற்றுகையிட்ட மொகலாயப் படை, 1690இல் தொடங்கிய முயற்சியை 1698இல்தான் முடிக்க முடிந்தது. புனேயில் வாழும் தமிழர் ஒருவர் ராய்கட்டைப் பார்த்துவிட்டு விடுமுறையில் செஞ்சிக்கும் செல்வாராயின், ஒரே வரலாற்றின் இரு முனைகளையும் கண்டவராவார்.

நம் பிள்ளைகள் கிலா, கட், துர்க் என்னும் சொற்களைப் பள்ளியிலும் தெருவிலும் கற்றுக்கொள்கிறார்கள்; கற்கட்டும். அவற்றுக்கு இணையான தமிழ்ச் சொற்களை அவர்களுக்குச் சொல்ல வீட்டில் நம்மைத் தவிர வேறு யாரும் இல்லை. அடுத்த விடுமுறையில் அவர்களை அருகிலுள்ள கோட்டைக்கு அழைத்துச் செல்லுங்கள். தில்லியாயின், ஒருகாலத்தில் யமுனையோடு இணைந்திருந்து இன்று வறண்டு கிடக்கும் பள்ளத்தைக் காட்டி 'இது அகழி' என்று சொல்லுங்கள். அண்ணாந்து பார்க்கச் செய்து, 'அதோ ஞாயில், அதில் தெரியும் துளை ஏப்புழை' என்று சொல்லுங்கள். கையால் தொட்டுக் கேட்ட சொல்லைக் குழந்தை எளிதில் மறப்பதில்லை. வீடு திரும்பும்போது எத்தனை சொற்கள் நினைவிலிருக்கின்றன என்று கேட்டுப் பாருங்கள். நமக்கே எத்தனை நினைவிலிருக்கின்றன என்பதும் அப்போது விளங்கும்.